கயிறு கட்டினால் பெருமை வருமா?

வாசகர் கேள்வி – பதில்

தன் இனத்தைப் பற்றி நல்ல எண்ணம் உள்ள அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகள் மனத்தளவில் திடமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "சரி, அப்ப இங்கே?" என்றுதான் கேட்கின்றன. இங்கே என்றால் சாதி. அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டோம். ஊரைக்கூட வட்டாரமாகத்தான் போட்டிருக்கிறோம்.

கேள்வி: மகன் ஒம்பதாவது படிக்கான். கையில கலர் கயிறு கட்டிக்கிட்டுப் போறான். வாத்தியார் அவுக்கச் சொல்லுதாரு. சொந்த சனத்து மேல பெருமை இருந்தா பிள்ளைக்கு மனசு பலப்படும்னு நீங்கதான எழுதியிருந்திய? அப்ப கயித்த என்னத்துக்கு அவுக்கணும்?
– ஒரு தகப்பனார், நாங்குநேரி வட்டாரம்

பதில்: அண்ணாச்சி, "பெருமை" என்று ஒரே சொல்லைப் போட்டு நகர்ந்தது எங்கள் பிழை. ஆய்வாளர்கள் அதை அப்படி மொத்தமாக நிறுப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் செல்லர்ஸும் அவர் குழுவும் 1998-ல் வெளியிட்ட முறையில் இன அடையாளம் பல துண்டாகப் பிரிகிறது. அதில் இரண்டு துண்டுகள் உங்கள் கேள்விக்கு வேண்டியவை. ஒன்றை உள்மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சனத்தில் பிறந்தது எனக்குச் சந்தோஷமா, என் ஆட்களைப் பற்றி நான் நல்லவிதமாக நினைக்கிறேனா என்பது அது. மற்றது ஊர்மதிப்பு. அடுத்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நான் நம்புகிறேனோ, அது. பிள்ளைகளின் மனத்திடத்தோடு சேர்ந்து வருவது உள்மதிப்பு. அதை அளக்கிற கேள்விகளில் ஒன்றுகூட "உனக்குக் கீழே யார்?" என்று கேட்பதில்லை.

சாதிக்கு ஒரு நிறமாகக் கட்டும் கயிறு அதைத்தான் கேட்கிறது. யார் யாரோடு உட்காரலாம், பஸ் ஸ்டாண்டில் யாரை மறிக்கலாம் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்குத்தான் நிறம். வீட்டுக்குள் தனியாக இருக்கும்போது எந்தப் பையனும் அதைத் தடவிப் பார்த்துப் பூரிப்பதில்லை. பார்க்க ஒரு எதிராளி வேண்டும். எதிராளி இல்லாவிட்டால் வேலை செய்யாத பெருமைக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை.

"கறுப்பினப் பையன்களும் அடையாளம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்தானே?" என்று அடுத்து கேட்பீர்கள். திரிந்தார்கள். கறுப்பின உளவியலாளர் வில்லியம் கிராஸ் 1971-ல் எழுதிய வளர்ச்சிப் படிகளில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு அவமானம் உறைத்த பிறகு இளைஞன் தன் இனத்துக்குள் முங்குகிறான். முடியை ஆப்பிரிக்கப் பாணியில் வளர்க்கிறான், உடையை மாற்றுகிறான், வெள்ளையரைக் கண்டாலே சீறுகிறான். ஆனால் பஸ்ஸில் பின்னால் உட்கார் என்று சட்டம் போட்டுத் தள்ளப்பட்டவன் தலை நிமிர்த்திய அடையாளம் அது. தள்ளுகிறவன் போட்ட அடையாளம் இல்லை. அதோடு, முங்கியவன் மேலே வருவதையும் சேர்த்துத்தான் கிராஸ் அந்தப் படிக்குப் பெயர் வைத்தார். அடுத்த படியில் அவனுக்குக் கூச்சல் தேவைப்படாது. தன் இனத்தில் காலூன்றி நின்றுகொண்டே மற்றவரோடு பழகுவான்.

இனி, செய்ய வேண்டியது. ராத்திரி தூங்கும்போது கத்தரிக்கோலால் வெட்டிவிடாதீர்கள். வகுப்பு நடுவில் நிற்கவைத்து வெட்டுகிற ஆசிரியர்களும் உண்டு. அது பையனை அரை மணி நேரத்தில் வீரனாக்கிவிடும். முதலில் மூன்று விஷயம் கேளுங்கள்: கயிறு யார் கொடுத்தது? எந்த நாளில் எல்லோரும் கட்ட ஆரம்பித்தீர்கள்? அவிழ்த்தால் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள். பல பையன்கள் கட்டுவது கர்வத்தால் இல்லை, பயத்தால். கட்டாதவனை எந்தக் கூட்டமும் காப்பாற்றாது என்ற கணக்கு. அதனால் ஒருத்தன் மட்டும் அவிழ்த்தால் அவன் தனியாள் ஆகிறான். இரண்டு நிறத்துக்காரர்களிலும் நாலைந்து பெற்றோர் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து பேசி, ஒரே நாளில் எல்லாக் கையிலும் அவிழ வேண்டும். ஒரு நிறம் இன்று, மற்றது அடுத்த வாரம் என்று வைத்தால் நடுவிலேயே சண்டை வரும்.

"கோயில் கயிறு" என்று சொல்வான். ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் ஒரே இரட்டை நிறத்தில் கட்டியிருந்தால் அது எந்தப் பூசாரியும் கொடுத்ததில்லை. கை வெறுமையானதும் அதே நிறம் பனியனுக்கும் சைக்கிள் ஸ்டிக்கருக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இடம் மாறும். அதையும் பாருங்கள்.

இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையில் 2019-லேயே சுற்றறிக்கை வந்தது. 2023 ஆகஸ்டில் உங்கள் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. வாத்தியார் தன் இஷ்டத்துக்குச் சொல்லவில்லை.

கேள்வி: என் மக ஏழாம் வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ள, "உங்க வீட்ல சாப்பிடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாவ"ன்னு சொல்லியிருக்கா. நாங்க இதுவரை சாதியப் பத்தி வீட்டில் பேசினதே இல்ல. இனி சொல்லணுமா? சொன்னா பிஞ்சு மனசு நொந்துராதா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: அம்மா, அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி அதற்கு விளக்கம் யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் மிச்சம்.

கறுப்பினப் பெற்றோரும் பிற சிறுபான்மைப் பெற்றோரும் பிள்ளைகளிடம் இனத்தைப் பற்றிப் பேசுவதை டயான் ஹியூஸும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் நான்கு வகையாகத் தொகுத்தார்கள். தம் வரலாறு, பழக்கம், முன்னோர் பற்றிச் சொல்வது. பாகுபாடு வரும், வந்தால் இப்படிச் செய் என்று தயார்ப்படுத்துவது. அவர்களை நம்பாதே என்று எச்சரிப்பது. எல்லோரும் சமம் என்று மட்டும் சொல்வது அல்லது ஒன்றும் சொல்லாமல் விடுவது. முதல் வகை பேச்சு நடக்கும் வீடுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு நன்றாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது, அளவைப் பொறுத்தது. அது மட்டுமே தினப்பாடானால் பிள்ளை எந்நேரமும் அடி எதிர்பார்த்துக் குறுகி நிற்கும். மூன்றாவது மட்டும் ஓங்கி நிற்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு நல்லது விளைவதில்லை.

எங்கள் கணக்கு, இது ஆய்வு சொன்ன அளவில்லை, நாங்கள் சொல்லும் பக்குவம்: மூன்று பங்கு முதல் வகைக்கு ஒரு பங்கு இரண்டாவது. அவித்த நெல்லுக்குள் கல் பொறுக்குவது போல, எச்சரிக்கை நடுநடுவே வரட்டும். முதல் வகைக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே சரக்கு இருக்கிறது. சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்த விவகாரம் 1924–25-ல் தமிழ்நாட்டையே கலக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். "உன் சிநேகிதி அம்மா சொன்னது புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதே ஆத்தங்கரையில அதைத் தப்புன்னு சொல்ல ஆள் இருந்தாக" என்று சொல்லலாம். கூடவே, உங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவர் யார், எந்த வேலையில் யார் கைதேர்ந்தவர் என்பதையும் சொல்லுங்கள். "நாமளும் உசந்தவங்கதான்" என்பது போன்ற பொதுப்பேச்சு காதில் நிற்காது. ஆள், வேலை, வருஷம் என்று சொன்னால் நிற்கும்.

நொந்துபோவாளே என்ற பயத்துக்கு ஒரு தகவல். செல்லர்ஸ் குழு 2006-ல் 11 முதல் 17 வயது வரையிலான 314 கறுப்பினப் பிள்ளைகளிடம் கண்டது இரட்டை முகமுள்ள விஷயம். "மற்றவர்கள் எங்களை மட்டமாக நினைக்கிறார்கள்" என்று நம்புவது பொதுவாக மனநலத்தோடு எதிராகத்தான் போனது. ஆனால் பாகுபாடு நேரில் நடந்தபோது, அப்படி முன்பே நம்பியிருந்த பிள்ளைகளை அது குறைவாகவே குலைத்தது. உலகம் நியாயமாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்த பிள்ளைக்குத்தான் அடி நெஞ்சில் இறங்கியது. ஆக, ஊர்மதிப்பைப் பற்றிய உண்மையை மறைக்கவும் வேண்டாம், அதிலேயே பிள்ளையைக் குடிவைக்கவும் வேண்டாம்.

பேசி முடித்ததும் பழக்க வேண்டியது ஒன்று உண்டு. உளவியலாளர் ஹோவர்ட் ஸ்டீவன்சன் கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஐந்து படி முறையை நம் வீட்டிலும் அப்படியே செய்யலாம். அந்தச் சொல்லை நினைத்ததும் வருகிற உணர்ச்சி பத்துக்கு எத்தனை என்று எண் சொல்லச் சொல்லுங்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது, தொண்டையிலா, வயிற்றிலா, கையிலா என்று காட்டச் சொல்லுங்கள். அந்த நேரம் மனசுக்குள் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்கிறாள் என்று கேளுங்கள். பிறகு மெல்ல மூச்சு உள்ளே, மெல்ல வெளியே. மறுபடி எண் கேளுங்கள். ஒன்பது ஆறானால் போதும், பூஜ்யம் ஆக வேண்டாம். இதைச் சாந்தமான ஒரு சாயங்காலத்தில் மூன்று நான்கு தடவை செய்து பார்த்திருந்தால்தான் வகுப்பில் கைகொடுக்கும். அழுகிற நேரத்தில் முதன்முதலாகக் கற்றுக்கொடுத்தால் "விடும்மா" என்று எழுந்து போய்விடுவாள்.

பிறகு பதில் வாக்கியம் ஒன்று, அவளே செய்தது, சின்னதாக. "அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கலை" போதும். நீங்கள் தயாரித்த வசனத்தைக் கொடுத்தால் வாயில் வராது. சொன்ன பிள்ளையும் ஏழாம் வகுப்புதான், தாய் சொன்னதைச் சொல்லியிருக்கிறது. அந்தச் சிநேகத்தை நீங்களாக வெட்டிவிடாதீர்கள்.

தட்டைத் தனியே வைப்பது, பெயருக்குப் பதில் சாதியைச் சொல்லிக் கூப்பிடுவது, கழிவறை கழுவ அனுப்புவது போல ஏதாவது பள்ளியில் நடந்தால் விஷயம் வேறு. தேதி, நேரம், சொன்ன சொல் அட்சரம் மாறாமல், உடனிருந்தவர் யார் என்று அன்றைக்கே எழுதிவைத்து, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளை என்றால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி போலீசிலும் புகார் கொடுக்கலாம். வாய்வார்த்தையில் சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஆறு மாதம் கழித்து "யாரும் எங்களிடம் சொல்லவில்லை" என்பார்கள்.

கேள்வி: சாதியே கிடையாது என்று சொல்லி வளர்த்தால் போதாதா?
– கல்லூரி ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: போதாது, ஐயா. இல்லாத ஒன்று தன்னை ஒதுக்கும்போது பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே விளக்கம் "என்கிட்டதான் ஏதோ குறை" என்பது. சாதி கூடாது என்று சொல்லுங்கள். கிடையாது என்று சொல்லாதீர்கள். (அதிலும், இப்படி வளர்க்க வசதிப்படுவது பெரும்பாலும் யார் வீட்டில் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.)

கேள்வி: முதுகலை உளவியல் படிக்கிறேன். கறுப்பின இளையோருக்கான இன அடையாள அளவுகோலைத் தமிழாக்கி, "கறுப்பர்" என்று வரும் இடத்தில் சாதிப் பெயரைப் போட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிவருமா?
– மாணவி, அபிஷேகப்பட்டி

பதில்: சொல்லை மாற்றினால் அளவுகோல் மாறிவிடாது, தங்கையே. நீங்கள் சொல்வது செல்லர்ஸ் குழுவின் எம்ஐபிஐ-யாக (கறுப்பின அடையாளத்தைப் பல துண்டாக அளக்கும் கேள்வித்தாள்) இருக்க வேண்டும். 1997-ல் வந்த பெரியவர் வடிவத்தில் 56 வாக்கியங்கள், 7 புள்ளி அளவு. 2008-ல் வந்த இளையோர் வடிவத்தில் 21 வாக்கியங்கள், 5 புள்ளி. ஏழு பிரிவு, பிரிவுக்கு மூன்று வாக்கியம். மையம் (இந்த அடையாளம் தனக்கு எவ்வளவு முக்கியம் என்பது), உள்மதிப்பு, ஊர்மதிப்பு ஆகியவற்றோடு கறுப்பினத்தார் எப்படி வாழ வேண்டும் என்ற நான்கு கொள்கைப் போக்குகளும் அதில் உண்டு. அந்த நான்கும் அமெரிக்க அரசியலில் ஊறியவை. அவற்றை இங்கே கொண்டுவந்தால் பொருளே தராது, விட்டுவிடுங்கள்.

முதல் கண்ணி மொழியில் இருக்கிறது. "இனம்" என்று போட்டால் பிள்ளை "தமிழன்" என்று நினைத்து நிரப்பும். "சமூகம்" என்றால் பாடப்புத்தகம். "சமுதாயம்" என்றால் நம் பக்கம் சாதி, அதிலும் சாதிச் சங்கம். மூன்று சொல்லுக்கும் மூன்று விடை வரும். எட்டுப் பத்துப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, "இதுல யாரைக் கேக்காங்கன்னு நினைச்ச?" என்று கேட்டுப் பார்க்காமல் ஒரு தாளும் அச்சடிக்காதீர்கள். இருவர் தமிழாக்கம் செய்து, மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுவதும் வேண்டும். எதிர்மறை வாக்கியம் தமிழில் இன்னும் சிக்கல். "இது எனக்கு முக்கியமில்லை" என்பதற்கு "இல்லை" என்று விடை எழுதும் பிள்ளை என்ன சொல்கிறது என்று அதற்கே தெரியாது.

இரண்டாவது, பிரிவுகளையெல்லாம் கூட்டி ஒரே மதிப்பெண் போடாதீர்கள். ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு இது. உள்மதிப்பு ஏறி ஊர்மதிப்பு இறங்கிய பிள்ளையும், இரண்டும் நடுவில் நிற்கிற பிள்ளையும் கூட்டலில் ஒன்றாகிவிடுவார்கள். நீங்கள் தேடுகிற விஷயமே அந்த வித்தியாசம்தான். மூன்றே வாக்கியம் உள்ள பிரிவில் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.7-க்குக் கீழே போவது சகஜம். பதறி வாக்கியத்தைத் தூக்கிவிடாமல், வாக்கியங்களுக்கிடையிலான சராசரித் தொடர்பையும் சேர்த்துக் காட்டுங்கள். காரணிப் பகுப்பு (எந்தெந்த வாக்கியங்கள் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்வதாக இருந்தால் 200 பேராவது வேண்டும்.

மூன்றாவது நாங்குநேரி அண்ணாச்சிக்குச் சொன்னதுதான். ஒரே வாக்கியத்துக்கு ஒரே "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்" என்ற விடையை ஒடுக்கப்பட்ட பிள்ளையும் ஆதிக்கச் சாதிப் பிள்ளையும் எழுதலாம். முன்னது காயத்துக்குக் கட்டு, பின்னது சில நேரம் கையில் கம்பு. இரண்டு குழுவையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் ஆய்வு பொய் சொல்லும். குறைந்தபட்சம் "மற்ற சாதிப் பிள்ளைகளோடு பழக எனக்குப் பிடிக்கும்" என்ற வகையில் தனியாகச் சில வாக்கியங்கள் சேருங்கள். ஜீன் ஃபின்னி 1992-ல் செய்த இனக்குழு அடையாள அளவுகோலில் பிற குழுவினரோடு பழகுவது பற்றித் தனிப் பகுதியே இருந்தது. அந்த அளவுகோலின் 2007 வடிவம் ஆறே வாக்கியம், எந்தக் குழுவுக்கும் பொருந்தும்படி எழுதியது. முதுகலைத் திட்டத்துக்கு நாங்கள் அதைத்தான் சொல்வோம்.

இன்னொன்று. நிறத்தை மறைக்க முடியாது. சாதியை மறைக்கலாம், ஆனால் மறைத்தவர் எந்நேரமும் காவல் இருக்க வேண்டும்: தெருப் பெயர், தாத்தா பெயர், உதவித்தொகைப் பட்டியல் வாசிக்கும் நாள். மறைத்து வாழும் பிள்ளை "இது எனக்கு முக்கியமே இல்லை" என்று எழுதினால் அது மையம் குறைவு என்று அர்த்தமில்லை. அமெரிக்க அளவுகோலில் இதற்குக் கேள்வி கிடையாது. நீங்கள்தான் எழுத வேண்டும். ஆய்வின் புதுமையும் அங்கேதான் இருக்கிறது.

அனுமதி விஷயத்தில் ஒரு அங்குலமும் தளர்த்தாதீர்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, முதன்மைக் கல்வி அலுவலர், பெற்றோரின் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம் நான்கும் வேண்டும். நிரப்பும்போது ஆசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது. வரிசை எண் வேண்டாம். ஒட்டிய உறையில் பிள்ளையே பெட்டிக்குள் போடட்டும். ஒரு குழுவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கணக்கை அச்சிடாதீர்கள், ஊருக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறத்தையும் சாதியையும் ஒப்பிடலாமா என்று வழிகாட்டி தயங்கினால், அம்பேத்கர் 1946-லேயே அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார், டு போய்ஸும் பதில் போட்டார் என்று சொல்லுங்கள். ஒப்பிடலாம். ஒன்றாக்கத்தான் கூடாது.

கேள்வி: கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே கேட்டார்கள் என்ற சோதனை பிரசித்தம். அந்தப் பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு கிடையாது என்றுதான் நாங்கள் படித்தோம். இப்போது நீங்கள் மாற்றி எழுதுகிறீர்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

பதில்: கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் சோதனையைச் சொல்கிறீர்கள். 1947-ல் வெளியிட்டார்கள். 3 முதல் 7 வயது வரை 253 குழந்தைகள். ஆர்கன்சாஸில் தனிப்பள்ளிகளில் 134 பேர், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கலந்து படித்தவர்கள் 119 பேர். நிறம் தவிர மற்றபடி ஒன்றாக இருந்த நான்கு பொம்மைகளை வைத்து, விளையாட எதைத் தருவாய், நல்ல பொம்மை எது, கெட்டதாகத் தெரிவது எது, உன்னைப் போல இருப்பது எது என்ற மாதிரி எட்டுக் கேட்புகள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தபோது அடிக்குறிப்பில் கிளார்க்கின் எழுத்தையும் காட்டியது.

பாடப்புத்தகங்கள் விட்டுவிடுகிற செய்தி: வெள்ளைப் பொம்மையை அதிகம் கேட்டது கலந்து படித்த வடக்குப் பிள்ளைகள். அதோடு, பொம்மையில் தெரிவது ஊர்மதிப்பு. எது உசத்தி என்று ஊர் சொல்வது நாலு வயதுக்கே எட்டியிருக்கிறது. "நான் எப்படி?" என்பது வேறு கேள்வி. ரோசன்பெர்க்கும் சிம்மன்ஸும் பால்டிமோர் பள்ளிப் பிள்ளைகளிடம் நேராகத் தன்மதிப்பை அளந்து 1971-ல் வெளியிட்டபோது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளுக்குக் குறைந்திருக்கவில்லை. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளிலும் அதே நிலைதான், சற்றே கூடுதல்கூட. 1989-ல் ஜெனிஃபர் குரோக்கரும் பிரெண்டா மேஜரும் காரணம் சொன்னார்கள்: திட்டு விழும்போது "அது அவன் புத்தி" என்று திட்டியவன் மேல் போட முடிகிறது, தன்னைத் தன் ஆட்களோடுதான் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள், தங்களுக்குக் கதவடைத்த துறையை "அது கிடக்குது" என்று தள்ளிவிடுகிறார்கள். மூன்றாவதில் ஒரு நஷ்டம் உண்டு. மனசு தப்பிக்கும், படிப்பு போய்விடும்.

தன்மதிப்பு சரியாக இருக்கிறது என்பதால் எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2018-ல் வெளியான ஆய்வில் 5 முதல் 12 வயதுக் கறுப்பினக் குழந்தைகளின் தற்கொலை விகிதம் வெள்ளைக் குழந்தைகளைப் போல இரண்டு மடங்கு. 13 முதல் 17 வயதில் அது தலைகீழாகி, ஏறத்தாழப் பாதி.

கேள்வி: நான் பிளஸ் ஒன். கொஞ்சம் கறுப்பு. அத்தை வரும்போதெல்லாம் "இவளுக்கு எவன் கிடைப்பான்"னு சொல்லுவாங்க. இதுவும் இனப் பாகுபாடுதானா?
– மாணவி, வள்ளியூர் வட்டாரம்

பதில்: இல்லை தங்கம், இது ஒரே வீட்டுக்குள் நடக்கிற நிறப் பாகுபாடு. கறுப்பினக் குடும்பங்களிலும் உண்டு, வெளிர் நிறத்துப் பேத்திக்குத் தனிச் செல்லம். இனப் பாகுபாட்டில் அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து மடியில் விழலாம். இதில் வீடே சொல்வதால் ஒதுங்க இடமில்லை, அதனால் வலி கூடுதல். அத்தையை நீ திருத்த முடியாது. அம்மா அல்லது அப்பாவிடம், அத்தை வருவதற்கு முந்தின நாளே, "அப்படிச் சொன்னா நீங்க அங்கேயே நிறுத்தணும், பிறகு என்னைத் தேத்த வேண்டாம்" என்று கேள். எல்லோர் முன்னாலும் ஒரு தடவை நிறுத்தினால் பாதி அடங்கும். பவுடர், கிரீம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். கடையில் விற்கும் பெயர் தெரியாத வெளுப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். தோல் மெலிந்து பருவும் முடியும் வரும்.

கேள்வி: மகள் ஜார்ஜியாவில் இருக்கிறாள். பேரனுக்குப் பதின்மூன்று. "நான் இந்தியனா அமெரிக்கனா தெரியலை ஆச்சி" என்கிறான். பள்ளியில் அவனைக் கேலி செய்கிறார்களாம். அவனுக்குக் கறுப்பினச் சிநேகிதன் ஒருவன் உண்டு, மகளோ அவனோடு சேராதே என்கிறாள். போனில் நான் என்ன சொல்வது?
– ஒரு ஆச்சி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஆச்சி, "தெரியலை" என்று அவன் சொல்வது நோய் இல்லை. ஃபின்னியின் கணக்கில் அடையாளம் இரண்டு கால்களில் நிற்கிறது: தேடுவது, பிறகு இதுதான் என்று உறுதியாவது. தேடாமல் வந்த உறுதி இரவல். அவன் தேட ஆரம்பித்திருக்கிறான், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அட்ரியானா உமான்யா-டெய்லர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்று வகுத்தார். குடும்ப மரம் வரைவது, வீட்டுப் பெரியவரைப் பேட்டி எடுப்பது, தங்கள் வழக்கங்களைப் படம் பிடித்து வந்து விளக்குவது எல்லாம் அதில் உண்டு. அதில் ஒரு பங்கு உங்களிடம் இருக்கிறது. வாரம் ஒரு போன், இருபது நிமிஷம், அவன் கேட்க நீங்கள் சொல்ல. "நம்ம பாரம்பரியம் அஞ்சாயிரம் வருஷம்" என்று ஆரம்பித்தால் பையன் போனை மகளிடம் கொடுத்துவிடுவான். அப்பளத்துக்கு உளுந்து மாவை இடிக்கிற பதம், தாமிரபரணியில் வெள்ளம் வந்த வருஷம் என்ன செய்தீர்கள், தாத்தா முதல் சம்பளம் எவ்வளவு என்று சொல்லுங்கள். கஷ்டத்தையும், நம்மவர்கள் செய்த தப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். வெறும் பெருமை பாடினால் பதின்மூன்று வயது உடனே மோப்பம் பிடித்துவிடும்.

மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும், பக்குவமாக. கறுப்பின மக்கள் போராடி 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அந்தக் காற்றடித்த மறு வருஷம், 1965-ல், நாட்டை வைத்துக் குடியேறிகளை வடிகட்டிய பழைய முறையை அமெரிக்கா கைவிட்டது. இந்தியர்கள் பெருவாரியாக அங்கே போக முடிந்தது அதற்குப் பிறகுதான். அவள் வீட்டு வாசலைத் திறந்துவிட்டவர்களின் பேரனோடு சேராதே என்கிறாள். போதாததற்கு, இனக் கேலி வந்தால் என்ன செய்வது என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பழகிய வீடு அந்தச் சிநேகிதன் வீடு. உங்கள் பேரனுக்கு இப்போது தேவைப்படுவது அந்தப் பேச்சுதான்.

கேள்வி: வகுப்பில் எந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், எது வெறும் முரட்டுத்தனம் என்று எப்படிப் பிரிப்பது?
– ஆசிரியை, களக்காடு வட்டாரம்

பதில்: முரட்டுத்தனம் என்று தோன்றும் பிள்ளையை முதலில் பாருங்கள், டீச்சர். மனச்சோர்வு இந்த வயதில் அழுகையாக வருவதைவிட எரிச்சலாகவும் தலைவலி வயிற்றுவலியாகவும் வருவது அதிகம். அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு நேர்வதும் இதுவே: சோர்வு கோபமாக வெளிப்படும், ஆசிரியர் கண்ணுக்கு அது ஒழுக்கக்கேடாகத் தெரியும், சிகிச்சைக்குப் பதில் தண்டனை கிடைக்கும். நம் வகுப்பில் "அந்தத் தெருப் பையன்தானே" என்ற நினைப்பு அதே வேலையைச் செய்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, விளையாட்டு மூன்றில் குறைந்தது இரண்டு மாறியிருக்கிறதா? குறிப்பிட்ட ஒரு நாளில், உதாரணமாக உதவித்தொகைப் படிவம் கொடுக்கும் நாளில், திரும்பத் திரும்ப லீவா? மதியச் சாப்பாட்டில் இடம் மாறி உட்கார்கிறானா? பெயரைக் கூப்பிட்டால் மட்டும் விறைக்கிறானா? இதில் எதுவும் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, கதவைத் திறந்துவைத்து, "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். "நீ என்ன பண்ணின?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து, பிள்ளையைத் தனியே விடாமல், பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். ராத்திரி நேரமானால் டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள். பரிந்துரைச் சீட்டில் சாதிச் சண்டை, கேலி எதுவும் நடந்திருந்தால் அதையும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் போனால் தலைவலி மாத்திரையோடு திரும்பி வருவான்.